கணினிக்குக் காய்ச்சல் பார்த்த வரலாறு



தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்குக் கணினியின் உள்ளுறுப்புகளோடு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கணினி காட்டிய மூன்று எண்களை நான் தவறாகப் படித்தேன். அதனால் ஒரு மாணவியின் எழுத்து அழிந்தது. அந்தத் தவற்றைப் புரிந்துகொள்ள முயன்றபோதுதான், கணினி தன் உடல்வெப்பத்தைத் தானே சொல்லக் கற்றுக்கொண்ட வரலாற்றை அறிந்தேன். அதை இப்பதிவில் பகிர்ந்துகொள்கிறேன். சற்று நீளமான பதிவு, பொறுத்தருள்க.

2003ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். அப்போது நான் ஆசிரியப் பணிக்குப் புதியவள். அவ்வாண்டு சிங்கப்பூரில் சார்ஸ் நோய் 238 பேரைத் தொற்றி, 33 பேரின் உயிரைப் பறித்தது. மார்ச் 27 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. ஏப்ரலில் படிப்படியாகத் திறக்கப்பட்டன. பின்னர் மாணவர்களுக்கு வெப்பமானிகள் வழங்கப்பட்டன. நாள்தோறும் வகுப்பு முழுவதும் நாவின் அடியில் வெப்பமானியை வைத்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்த காட்சியை அக்கால ஆசிரியர் எவரும் மறந்திருக்க மாட்டார்.

ஒருநாள் ஒரு சிறுவனின் வெப்பமானி 39 பாகையைக் காட்டியது. நான் திகைத்துப்போனேன். அருகிலிருந்த மூத்த ஆசிரியை பதற்றமின்றி, "தம்பி, இப்போது என்ன குடித்தாய்?" என்று கேட்டார். "சூடான மைலோ," என்றான் அவன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 36.8. வெப்பமானி பொய் சொல்லவில்லை. அது நாவின் வெப்பத்தைச் சொன்னது. அதை உடலின் வெப்பமாகப் படித்தவள் நான்.

அதே ஏப்ரலில் தற்காப்பு அறிவியல் தொழில்நுட்ப அமைப்பும் எஸ்டி எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இணைந்து, படையினர் பயன்படுத்திய வெப்பப் படக்கருவியை மாற்றியமைத்துக் காய்ச்சல் கண்டறியும் கருவியை உருவாக்கின. அக்கருவி காண்பது தோலின் வெப்பத்தை மட்டுமே. ஆகவே, வெப்பம் முன்பே அறியப்பட்ட ஒரு பொருளை ஒப்பீட்டுக்காக உடன் வைத்திருந்தனர். எந்த அளவுக்கு மேற்பட்டால் ஒருவரை நிறுத்திச் சோதிப்பது என்பதையும் மனிதர்களே வகுத்தனர். கருவி எண்ணைத் தரும். அதன் பொருளை நாம்தான் தேட வேண்டும். இதை அன்றே நான் நன்கு கற்றிருக்க வேண்டும்.

மூன்று எண்கள்

1997இல் கல்வி அமைச்சு கல்வியில் தகவல் தொழில்நுட்பத்துக்கான முதல் பெருந்திட்டத்தைத் தொடங்கிய பிறகு, பள்ளிகளில் கணினிகள் பெருகின. சில ஆண்டுகளில் அவற்றுள் பல பழையனவாகிக் கைமாறத் தொடங்கின. 2008இல் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஓர் இடத்தில் நண்பர்கள் சிலர் நடத்திய சனிக்கிழமைத் தமிழ் எழுத்து வகுப்புக்கும் அப்படி ஒரு கணினி வந்து சேர்ந்தது. விலையில்லா இயங்குதளம் என்பதால் அதில் லினக்ஸ் நிறுவினோம். தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் சிம் லிம் ஸ்குவேர் இருந்ததால் உதிரிபாகங்களுக்குக் குறைவில்லை.

கணினியின் உடல்நிலையைக் காட்டும் நிரல் ஒன்றையும் நிறுவினோம். அது மூன்று எண்களைக் காட்டியது. முதல் வெப்பநிலை 127 பாகை. இரண்டாம் வெப்பநிலை 71 பாகை. விசிறியின் வேகம் சுழியம்.

127 பாகையில் நீரே கொதித்து ஆவியாகிவிடும். பிள்ளைகள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். "இந்த நிரல் உளறுகிறது," என்று முடிவு செய்து அதை மூடிவிட்டோம். அம்முடிவு எவ்வளவு தவறானது என்பதை உணர, இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும்.

சில்லுகள் பேசத் தொடங்கிய காலம்

தொடக்கக்காலக் கணினிகளுக்குத் தம் வெப்பத்தை அறிய வழியில்லை. 1990களில் செயலிகளின் வேகம் கூடியது. வேகத்தோடு வெப்பமும் கூடியது. செயலியின் தலைமேல் ஒரு விசிறி ஓடியே தீர வேண்டிய நிலை உருவானது. விசிறி நின்றால் செயலிக்கு ஆபத்து.

அக்காலத்தில் அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் எல்எம்75, எல்எம்78 என்னும் சில்லுகளை வெளியிட்டது. எல்எம்75 ஒரு வெப்பமானிச் சில்லு; அரைப் பாகை வேறுபாட்டை அது எண்ணாகத் தரும். எல்எம்78 ஒரு வெப்பநிலையையும் ஏழு மின்னழுத்தங்களையும் மூன்று விசிறிகளின் வேகத்தையும் கவனிக்க வல்லது. பின்னர் தைவானின் வின்பாண்ட், ஐடிஇ போன்ற நிறுவனங்கள், விசைப்பலகை, அச்சுப்பொறி இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் சில்லுக்குள்ளேயே இந்தக் கண்காணிப்பு வேலையையும் சேர்த்தன.

இச்சில்லுகளுள் பல, ஃபிலிப்ஸ் நிறுவனம் 1982இல் வகுத்த ஐ2சி என்னும் இரண்டு கம்பிப் பாதையின் வழியாகவோ, அதைத் தழுவி 1995இல் இன்டெல் வகுத்த எஸ்எம்பஸ் பாதையின் வழியாகவோ பேசின. ஒரே பாதையில் பல சில்லுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. ஆனால் முகவரியில் இருப்பவர் யார் என்பதற்குப் பெயர்ப்பலகை கிடையாது.

சில்லு தருவது வெறும் எண். அது எந்தச் சில்லு, அந்த எண்ணை எப்படிப் பாகையாக மாற்றுவது என்பவற்றை அறிந்து மொழிபெயர்ப்பது டிரைவர் எனப்படும் இயக்கி நிரலின் கடமை. உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் விண்டோஸ் பயனாளர்களை மனத்திற்கொண்டே மென்பொருள் வழங்கினர். லினக்ஸ் பயனாளர்களுக்குத் தாமே எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அலெக்சாண்டர் லார்சன் எழுதிய எல்எம்78 இயக்கியை அடிப்படையாகக் கொண்டு, 1998ஆம் ஆண்டளவில் ஃப்ரோடோ லோய்யார்ட், ஃபிலிப் எடல்புராக் ஆகியோர் எல்எம்-சென்சார்ஸ் என்னும் திட்டத்தை வளர்த்தனர். திட்டத்தின் பெயரில் உள்ள 'எல்எம்' அந்தச் சில்லுகளின் பெயரிலிருந்து வந்ததுதான். பின்னர் ழான் டெல்வார், குந்தர் ரோக் முதலியோர் பல ஆண்டுகள் இப்பணியைச் சுமந்தனர். 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 பதிப்பில், கிரெக் குரோ-ஹார்ட்மன் போன்றோரின் உழைப்பால் இவ்வியக்கிகள் கெர்னல் எனப்படும் கருவுக்குள்ளேயே இடம்பெற்றன.

உற்பத்தியாளர் ஒத்துழைத்தால் இத்தகைய பணி எவ்வளவு எளிதாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. சிம் வோங் ஹூ தம் நண்பருடன் 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், சவுண்ட் பிளாஸ்டர் லைவ் ஒலி அட்டைக்கான லினக்ஸ் இயக்கியின் மூலநிரலை 1999இல் பொதுவில் வெளியிட்டது. ஒலி அட்டையைச் செய்தவரே அதன் மொழியையும் சொல்லிக்கொடுத்தார்.

வெப்ப உணரிகளின் நிலை அவ்வாறு இல்லை. சில்லின் விளக்க ஏடு கிடைத்தாலும், தாய்ப்பலகையைச் செய்தவர் அதன் எந்தக் காலில் எதை இணைத்தார் என்பது பெரும்பாலும் வெளியே தெரியாது. 12 வோல்ட் அழுத்தத்தை நேரடியாக அளக்க இயலாத சில்லுக்கு, மின்தடைகளைக் கொண்டு அழுத்தத்தைக் குறைத்து அனுப்புவர். எந்த விகிதத்தில் குறைத்தனர் என்பது பலகைக்குப் பலகை மாறும். விகிதம் தெரியாவிட்டால் 12 வோல்ட் 9 ஆகவோ 15 ஆகவோ தெரியும். மின்சாரம் சரியாகவே இருக்கும். பிழை நம் கணக்கில் இருக்கும்.

கேள்வி கேட்டதே தீங்கான கதை

பெயர்ப்பலகை இல்லாத முகவரிகளில் யார் இருக்கிறார்கள் என்று அறிய, 'சென்சார்ஸ்-டிடெக்ட்' என்னும் நிரல் ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்க்கும். யாரேனும் பதில் கூறினால் அவர் யார் என்று ஊகிக்கும். தட்டிப் பார்ப்பதில் என்ன தீங்கு நேரும் என்று எவருக்கும் தோன்றும்.

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் அந்தத் தீங்கு நேர்ந்தது. அவற்றினுள் கணினியின் அடையாள விவரங்களைச் சேமித்து வைக்கும் ஆட்மெல் நினைவகச் சில்லு ஒன்று இருந்தது. 'இருக்கிறாயா?' என்று கேட்ட சிறு தட்டலை அது 'எழுது' என்னும் கட்டளையாகப் பிழைபடப் புரிந்துகொண்டு, தன் உள்ளடக்கத்தையே கெடுத்துக்கொண்டது. அதன்பின் அக்கணினி தொடங்கவே மறுக்கும். பழுதுபார்க்க அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இயக்கி எழுதியோர் இதை மறைக்கவில்லை. திட்டத்துடன் வரும் ஏட்டில் எச்சரிக்கையை எழுதி வைத்தனர். பின்னர், அது ஐபிஎம் கணினி என்று தெரிந்தால் தொடர்புடைய இயக்கி இயங்க மறுக்குமாறும் நிரலை மாற்றினர். முதலில் கணினி எது என்று அறிந்துகொள், பிறகு தட்டு என்று வரிசை மாறியது. இதைப் படித்தபோது, வகுப்புக்குப் புதிதாக வந்த பிள்ளையிடம் எல்லார் முன்னிலையிலும், "அப்பா என்ன செய்கிறார்?" என்று நான் கேட்ட ஒரு காலைப் பொழுது நினைவுக்கு வந்தது. தகவலுக்காகக் கேட்டேன், பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. ஆளை அறியாமல் கேட்கும் எளிய கேள்வியும் சிலரைக் காயப்படுத்தும்.

ஒரு கரும்பலகை, இரண்டு ஆசிரியர்கள்

அடுத்து வந்த சிக்கல் வேறு வகையானது. பல சில்லுகளிடம் ஓர் எண்ணைப் பெற இரண்டு படிகள் வேண்டும். முதலில், 'எத்தனையாவது அறை' என்று குறிக்க வேண்டும். பிறகு அவ்வறையில் இருப்பதைப் படிக்க வேண்டும். கணினியின் பயாஸ் தந்துள்ள ஏசிபிஐ நிரலும் அதே சில்லை அதே வேளையில் கேட்கக்கூடும். லினக்ஸ் இயக்கி ஐந்தாம் அறையைக் குறித்துவிட்டுப் படிக்கத் திரும்பும் நொடியில், மற்றது ஒன்பதாம் அறையைக் குறித்துவிட்டால் என்னாகும்? விசிறியின் எண் வெப்பநிலையாக வந்து நிற்கும். ஒரு கரும்பலகையில் இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் எழுதுவதைப் போன்ற குழப்பம் இது.

2009 செப்டம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.31 பதிப்பு இதற்கு ஒரு கடுமையான விதியை இயல்பாக்கியது: ஏசிபிஐ தனக்குரியது என்று கூறும் இடத்தில் வேறு இயக்கி நுழையக்கூடாது. பலருடைய கணினிகளில் அதுவரை தெரிந்த எண்கள் மறைந்தன. விதியைத் தளர்த்தும் வழியும் உண்டு. ஆனால் அது பயனாளரின் பொறுப்பு.

அறியாததைச் சொல்லாத நேர்மை

2007இல் ருடால்ஃப் மாரெக் எழுதிய கோர்டெம்ப் இயக்கி, இன்டெல் செயலிக்குள்ளேயே பதிக்கப்பட்ட உணரியைப் படித்தது. அவ்வுணரி வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை பாகை உள்ளது என்று மட்டுமே சொல்லும். வரம்பு 100 என்று கொண்டு கழிப்பதற்கும் 85 என்று கொண்டு கழிப்பதற்கும் 15 பாகை வேறுபாடு. தொடக்கத்தில் பல செயலிகளுக்கு இயக்கி அந்த வரம்பை ஊகிக்க வேண்டியிருந்தது.

என் மனத்தைத் தொட்டது கே10டெம்ப் என்னும் இயக்கி. ஏஎம்டி செயலிகளுக்காக இதை எழுதியவர் கிளமென்ஸ் லாடிஷ். குறிப்பிட்ட சில செயலிகளின் உணரி நம்பத்தக்கதன்று என்பதை அந்நிறுவனத்தின் பிழைப்பட்டியலே ஒப்புக்கொண்டிருந்தது. அத்தகைய செயலியைக் கண்டால் இந்த இயக்கி எண் எதையும் காட்டாமல் இயங்க மறுத்துவிடும். பிழையான எண்ணைத் தருவதைவிட மௌனமே மேல் என்று ஒரு நிரலுக்குக் கற்பித்திருக்கிறார்கள். 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று வகுப்பில் சொல்லத் தயங்கும் நமக்கு இது நல்ல பாடம்.

நம் வெப்பமண்டல நாட்டில் இது விளையாட்டான செய்தியன்று. 2023இல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், தரவு மையங்களை 26 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் இயக்குவதற்கான தரநிலையை வெளியிட்டது. ஒரு பாகை உயர்த்தினால் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு வரை மிச்சமாகும் என்பது அதன் கணக்கு. உணரி சொல்வதை நம்ப முடிந்தால்தான் அந்த ஒரு பாகையை உயர்த்தும் துணிவு பிறக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை

இனி எங்கள் கணினிக்கு வருகிறேன்.

127 என்பது பொருளற்ற எண்ணன்று. குறைக்குறியுடன் கூடிய எட்டு பிட் எண்ணில் எழுதக்கூடிய மிகப் பெரிய மதிப்பு அது. எதுவும் இணைக்கப்படாத உணரிக்கால் பெரும்பாலும் அந்த உச்சத்தையோ அதன் எதிர்முனையான கழித்தல் 128ஐயோ காட்டும். 'என்னிடம் எதுவும் இணைக்கப்படவில்லை' என்பதே அதன் பொருள்.

விசிறியின் சுழியத்தைப் பற்றி நான் சிறிது படித்தும் இருந்தேன். விசிறி ஒரு சுற்றுக்கு இருமுறை துடிப்பு அனுப்பும். இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தைச் சில்லு எண்ணும். 255க்கு மேல் எண்ண அதற்கு இடமில்லை. 13,50,000ஐ அந்த எண்ணாலும் வகுப்பான் என்னும் மற்றோர் எண்ணாலும் வகுத்தால் நிமிடச் சுற்றுகள் கிடைக்கும். வகுப்பான் 2 எனில், ஏறத்தாழ 2,650 சுற்றுகளுக்குக் கீழே ஓடும் விசிறி அளவைக்குள் அடங்காமல் சுழியமாகத் தெரியும். வகுப்பானை 8 ஆக்கினால் 660 வரை படிக்கலாம். ஆகவே, சுழியம் என்றால் 'மெதுவாக ஓடும் விசிறி' என்று நான் முடிவு கட்டினேன். கணினியும் ஓசையின்றி இருந்தது. நல்ல அமைதியான விசிறி என்று மகிழ்ந்தேன்.

ஓடாத விசிறியும் அமைதியாகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை, தொடக்கநிலை ஐந்தில் பயின்ற ஒரு மாணவி, நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த தன் பாட்டியின் கதையை இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்தாள். இடையில் சேமிக்குமாறு அவளுக்கு நினைவூட்ட நானும் மறந்திருந்தேன். திரை சட்டென்று இருண்டது. கணினியைத் திறந்து பார்த்தபோது, தூசியும் முடியும் சுற்றிக்கொண்டு விசிறி அசைவற்றுக் கிடந்தது. அதன் அடியிலிருந்த உலோகத்தைத் தொட முடியவில்லை.

71 மெய். சுழியமும் மெய். 127 மட்டுமே வெற்று எண். ஒன்று பொருந்தவில்லை என்பதற்காக மூன்றையும் ஒதுக்கினோம்.

அவள் அடுத்த வாரம் மீண்டும் எழுதினாள். முடித்துவிட்டு, "முதலில் எழுதியதுதான் நன்றாக இருந்தது, ஆசிரியை," என்றாள். குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. அதனால்தான் இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

இன்று இவ்வாறு ஒரு சிக்கல் வந்தால் எந்த வரிசையில் பார்ப்பேன் என்பதைப் பயன் கருதி எழுதுகிறேன். முதலில், சில்லு எது, அதற்குரிய இயக்கி ஏற்றப்பட்டுள்ளதா என்று பார்ப்பேன். அடுத்து, அவ்வெண் இயற்கைக்குப் பொருந்துகிறதா என்று கேட்பேன். நேரடியாகப் பாகையை அளக்கும் உணரி, நம் ஊர் அறையில் 12 பாகை என்று காட்டினால் ஐயுற வேண்டும். பிறகு, கணினிக்குச் சற்றுக் கடினமான வேலை கொடுத்து எண் அசைகிறதா என்று கவனிப்பேன். உயிருள்ள உணரி அசையும், இணைக்கப்படாத கால் அசையாது. அதன்பின் பயாஸ் திரை காட்டும் எண்ணோடு ஒப்பிடுவேன். இறுதியாக, மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பக்கப் பலகையைக் கழற்றித் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். மீண்டும் இயக்கி, உள்ளே கை வைக்காமல், விசிறி சுழல்கிறதா என்று கண்ணால் காண்பேன். இந்தக் கடைசிப் படிக்கு ஐந்து நிமிடங்களே போதும். நான் அதைத்தான் செய்யவில்லை. எண் வெற்று என்று உறுதியான பிறகே, அமைப்புக் கோப்பில் அதைப் புறக்கணிக்கச் சொல்ல வேண்டும்.

பெற்றோர்களே, நாம் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளின் எண்களைப் பார்த்துக் கலங்குகிறோம், மகிழ்கிறோம். 2020 வரை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் இருந்த டி-ஸ்கோர், ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதைச் சொன்னது. இன்டெல் உணரியைப் போல அதுவும் ஒரு தொலைவுதான். 2021 முதல் வந்த அடைவுநிலை முறை வேறு ஒன்றை அளக்கிறது. எம்முறையாயினும், வழக்கமாக 80 வாங்கும் பிள்ளை 45 வாங்கி வந்தால் இரண்டு எளிய வழிகள் நம்முன் நிற்கும். ஒன்று, எண்ணை அப்படியே நம்பிப் பிள்ளையைக் கடிந்துகொள்வது. மற்றொன்று, 'தேர்வே சரியில்லை' என்று எண்ணைத் தூக்கி எறிவது. இரண்டிலும் பிள்ளையைப் பார்க்கும் வேலை நமக்கு மிச்சமாகிறது. நான் இரண்டாம் வழியில் சென்று, ஒரு கதையை இழக்கச் செய்தவள்.

அந்த மூத்த ஆசிரியை இரண்டு வழியிலும் செல்லவில்லை. 39 பாகையைக் கண்டவுடன் சிறுவன் பக்கம் திரும்பி, என்ன குடித்தாய் என்று கேட்டார். பிறகு பொறுத்திருந்து மீண்டும் அளந்தார்.

உங்கள் வீட்டில் பழைய கணினி இருந்தால், இந்த வார இறுதியில் அதன் விசிறியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு, அவர்கள் எழுதியதைச் சேமிக்கச் சொல்ல மறவாதீர்கள்.